புளியங்கொட்டைத் தோலும் இரண்டு குவார்ட்டர் வோட்காவும்

41, 38, 33, 19. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் வாசித்த எண்கள் இவை. ஒரே நாளில் ஆட்டிய கடலை எண்ணெயை நான்கு பாட்டில்களில் ஊற்றி 60 டிகிரி சூட்டில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் பெராக்சைடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் அந்த எண். கிலோவுக்கு இத்தனை மில்லிஈக்விவலன்ட் என்று கணக்கு. எண் ஏற ஏற எண்ணெய் சிக்கு வாடையை நெருங்குகிறது. 41 எதுவும் கலக்காத எண்ணெய். 19 புளியங்கொட்டைத் தோலில் இருந்து நான் இறக்கிய சாறு கலந்தது. நடுவில் உள்ள 38க்கும் 33க்கும்தான் எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

அரூர் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன வாகை மரச்செக்கு இருக்கிறது. மாட்டுக்குப் பதில் மோட்டார், மற்றபடி தாத்தா காலத்து முறைதான். தையில் ஆட்டிக் கொடுக்கும் கடலை எண்ணெய் சித்திரை வெயிலில் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது என்று வருஷா வருஷம் நாலு பேராவது டின்னைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். சுத்திகரிப்பு எண்ணெய் கம்பெனிகளுக்கு இந்தக் கவலை இல்லை. எண்ணெய் கெடாமல் தடுக்கும் டிபிஎச்கியூ போன்ற செயற்கைப் பொருளை 200 பிபிஎம் வரை, அதாவது கிலோவுக்கு 0.2 கிராம் வரை, சேர்க்க அனுமதி உண்டு. நாங்கள் எதுவும் கலப்பதில்லை என்று போர்டு எழுதி வைத்திருப்பதால் அதைத் தொட முடியாது.

மாசி, பங்குனியில் எங்கள் தெருவே புளி வாசனையாக இருக்கும். அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். கொட்டையை வியாபாரி வந்து எடுத்துப் போவார். உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பு மாவாகி நூலுக்குக் கஞ்சி போடப் போகும். மேலே இருக்கும் பழுப்புத் தோலைக் கழிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். அக்கா என்று நான் சொல்வது என் பெரியப்பா மகளை. கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறாள். அவள்தான் 1994இல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வுக் கட்டுரையை அனுப்பினாள். புளியங்கொட்டைத் தோலில் இருந்து எபிகேட்டச்சின் உட்படச் சில பொருட்களைப் பிரித்து, அவை கொழுப்பு கெடுவதைத் தடுக்கின்றன என்று காட்டியிருந்தார்கள். எபிகேட்டச்சின் தேயிலையிலும் இருக்கும் சமாச்சாரம்தான். டீயில் இருந்தால் டிகாஷன் இறக்குவது போல இதையும் இறக்கிவிடலாமே என்று நினைத்தேன். இறக்குவது சுலபம்தான். எண்ணெய்க்குள் அனுப்புவது வேறு கதை.

கொட்டை கிலோ 14 ரூபாய் வீதம் 5 கிலோ வாங்கினேன். வண்டு குடைந்ததை ஒதுக்கியதில் 400 கிராம் போனது. முதல் நாள் செய்த தப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தோலைத் தனியாக எடுக்கச் சோம்பல்பட்டு, 250 கிராம் கொட்டையை அப்படியே இடித்து 2 லிட்டர் தண்ணீரில் கொதிக்க விட்டேன். இருபது நிமிஷத்தில் பாத்திரத்தில் இருந்தது சாறு இல்லை, கூழ். வடிகட்டிய வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. நூலுக்குக் கஞ்சியாகப் போகிற பருப்பு அது, தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் வேறு என்ன ஆகும்? அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கொட்டிராதடா, என் காட்டன் சேலைக்குப் போட்டுக்கறேன்" என்று வாங்கிப் போய்விட்டார். சேலை நன்றாகத்தான் விறைத்தது, கொஞ்சம் பழுப்பேறியிருந்தாலும்.

சரி, தோலை உரிக்க வேண்டும். தாயம் ஆட நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் செய்த வேலைதான் இது. புளியங்கொட்டையைச் சிமென்ட் தரையில் உரசி ஒரு பக்கம் வெள்ளையாக்குவோமே, அதேதான். ஆனால் மிஞ்சிய 4.35 கிலோவை உரச முடியாது. ஊறவைத்து உரித்துப் பார்த்தேன். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, ஆனால் ஊறிய தண்ணீரும் நன்றாகச் சிவந்துவிட்டது. எனக்கு வேண்டிய சரக்கு அதோடு போகிறது என்று விட்டுவிட்டேன். மிஞ்சியது வறுப்பது. கடலை வறுப்பது போல மணலைக் காயவைத்து அதில் கொட்டையைப் போட்டுப் புரட்டினால் தோல் வெடித்துப் பருப்பை விட்டுப் பிரியும்.

எத்தனை சூடு, எத்தனை நேரம் என்பதில்தான் தடுமாறினேன். வீட்டில் கொரோனா காலத்து நெற்றி தெர்மாமீட்டர் ஒன்று கிடந்தது. அதை மணலுக்கு நேராகக் காட்டினால் "ஹை" என்று மட்டும் சொன்னது. காய்ச்சலுக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. 350 ரூபாய்க்குச் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன், கம்பியைச் செருகிப் பார்க்கும் வகை. முதல் தடவை மணல் 200 டிகிரிக்கு மேல் போய்விட்டது. கொட்டை படபடவென்று வெடித்தது, தோல் கருகலாகக் கழன்றது, வாசனை காபிக்கொட்டை மாதிரி அருமையாக இருந்தது. நானும் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்தேன். அடுத்த தடவை 140–150க்குள் வைத்து எட்டு நிமிஷம். இதில் தோல் பழுப்பாகவே இருந்தது, உரலில் போட்டு உலக்கையை ஓங்கிப் போடாமல் சும்மா தூக்கித் தூக்கி விட்டதில் கழன்றுவிட்டது. இடிப்பதற்கு முன்பே மணலைச் சல்லடையில் போட்டுச் சலித்துவிட வேண்டும். அதை மறந்தால் பிறகு தோலும் மணலும் பிரியாது. புடைத்துக் கொடுத்தது அம்மா. எனக்கு முறம் பிடிக்க வராது. நான் புடைத்தால் தோலும் பருப்பும் சேர்ந்தே தரைக்கு வரும். கடைசியில் தோல் 1.1 கிலோ, பருப்பு 3.1 கிலோ. மற்றது ஈரமாகவும் தூளாகவும் போனது.

அடுத்த தப்பு சட்டி. 100 கிராம் தோலை மிக்ஸியில் ரவைப் பதத்துக்கு உடைத்து, கையில் கிடைத்த இரும்பு வாணலியில் ஒரு லிட்டர் தண்ணீரோடு அடுப்பில் வைத்தேன். செம்மரக் கலரில் வரும் என்று பார்த்தால் பத்து நிமிஷத்தில் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. அக்காவுக்குப் போட்டோ அனுப்பினேன். "மை காய்ச்சிருக்கடா, வாழ்த்துகள்" என்று பதில் வந்தது. தோலில் இருக்கும் துவர்ப்புச் சரக்கும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்துப் பேனா மை அப்படித்தான் செய்தார்களாம். குச்சியில் தொட்டு எழுதிப் பார்த்தேன், கையெழுத்து இன்னும் காலண்டர் பின்பக்கத்தில் அழியாமல் இருக்கிறது. வேட்டியில் பட்ட சொட்டும் போகவில்லை. அதைவிட முக்கியமான விஷயத்தை அக்கா பிறகு சொன்னாள்: இரும்பு துளி அளவு எண்ணெயில் சேர்ந்தாலும் அது எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். கெடாமல் இருக்க ஒன்றைப் போடப் போய், கெடுப்பதையும் சேர்த்துப் போட்டிருப்பேன். அன்றிலிருந்து எவர்சில்வர் மட்டும்தான்.

தண்ணீரையும் மாற்றினேன். எங்கள் போர் தண்ணீரில் டீ போட்டாலே மங்கிக் கறுத்துவிடும். ஒகேனக்கல் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்ததில் செய்தபோது சாறு தெளிவான சிவப்பாக வந்தது.

இடையில் ஒரு சபலம். ஆல்கஹாலில் இறக்கினால் இன்னும் நன்றாக இறங்கும் என்று படித்திருந்தேன். சுத்த எத்தனால் உரிமம் இல்லாமல் கிடைக்காது. வீட்டில் கொரோனாவுக்கு வாங்கிய 5 லிட்டர் கேன் சானிடைசரில் பாதி இருந்தது, லேபிளில் 80 சதவீதம் எத்தனால் என்று போட்டிருந்தது. தோலை அதில் ஊறவைத்தேன். நிறம் அபாரமாக இறங்கியது. தட்டில் ஊற்றிக் காயவைத்தால் மூன்று நாளாகியும் காயவில்லை, விரலில் ஒட்டும் பாகு மாதிரியே இருந்தது. லேபிளை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். கை வறண்டுபோகாமல் இருக்க கிளிசரின், கிருமிக்காகக் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு. கிளிசரின் காயாது. பெராக்சைடோ நான் எதை எதிர்த்து இத்தனை பாடுபடுகிறேனோ அந்த ஜாதி. போதாக்குறைக்குக் குடிக்க முடியாதபடி வேறு எதையாவது கலந்திருப்பார்கள், வாயில் வைக்கிற பொருளுக்கு ஆகாது. மொத்தமும் சாக்கடைக்குப் போனது.

தம்பியை டாஸ்மாக்குக்கு அனுப்பினேன். இரண்டு குவார்ட்டர் வோட்கா, 360 மில்லி, 380 ரூபாய். வோட்காவில் நிறம், எசென்ஸ் எதுவும் இல்லை, 42.8 சதவீதம் ஆல்கஹால், மீதி தண்ணீர். இந்த மாதிரி துவர்ப்புப் பொருளை இறக்கச் சுத்த ஆல்கஹாலைவிடத் தண்ணீர் கலந்ததுதான் தோது. அம்மாவுக்கு இதை விளக்கிச் சொன்னதில் அவர் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. பாட்டிலை எண்ணெய் டின்களுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டியிருந்தது.

40 கிராம் தோல் ரவையை வோட்காவில் ஒரு ராத்திரி மூடி ஊறவைத்து, மறுநாள் காபி ஃபில்டரில் ஊற்றினேன். இந்த முயற்சியிலேயே எனக்குப் பெருமையாக இருக்கும் ஒரே விஷயம் இந்த ஃபில்டர்தான். துணியைவிடத் தெளிவாக இறங்குகிறது, பிழிய வேண்டியதில்லை, மேல் தட்டை வைத்து லேசாக அழுத்தினால் கடைசிச் சொட்டும் வந்துவிடும். தூள் காபிப்பொடி அளவுக்கு நைஸாகிவிட்டால் அடைத்துக்கொள்ளும், ரவைப் பதம்தான் சரி. 290 மில்லி கிடைத்தது. இரண்டு எவர்சில்வர் தட்டில் பரப்பி, மேலே வெள்ளைத் துணி கட்டி மொட்டைமாடியில் வைத்தேன். ஆல்கஹாலை அடுப்பு பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஆவியைக் குளிரவைத்துத் திரும்பப் பிடித்தால் செலவு மிச்சமாகுமே என்று தம்பி யோசனை சொன்னான். சாராயம் காய்ச்சிய கேஸில் உள்ளே போக எனக்கு விருப்பமில்லை.

சாயங்காலத்துக்குள் காய்ந்து, அரக்கு மாதிரி பளபளப்பான செதிலாக வந்தது. கரண்டியால் சுரண்டி எடுத்ததில் 10.8 கிராம். போட்ட தோலில் 27 சதவீதம். தண்ணீரில் 80 டிகிரியில் இரண்டு முறை இறக்கிய 100 கிராம் தோலில் 17 கிராம்தான் வந்தது, அதுவும் இரண்டாவது முயற்சியில். முதல் தட்டு மேகமூட்டத்தில் மாட்டிக்கொண்டு மூன்றாம் நாள் பூசணம் பூத்தது. வோட்காவின் உண்மையான லாபம் இதுதான் என்று தோன்றுகிறது: கூடுதலாக இறங்குவதைவிட, கெடுவதற்குள் காய்ந்துவிடுகிறது. செதிலை ராத்திரி திறந்து வைத்தால் காலையில் வெல்லம் மாதிரி கசிந்திருக்கும். புது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான பாட்டிலில் போட்டேன்.

எது நல்ல சரக்கு என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. ஒரு கிராம் செதிலை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதைப் பத்துக்கு ஒன்றாக இன்னொரு முறை நீர்த்து, 5 மில்லி எடுத்து, கொஞ்சம் சோற்றுக் கஞ்சித் தெளிவு சேர்த்து, பத்து மடங்கு நீர்த்த பீட்டாடினை, அதாவது காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சாறு அயோடினைத் தின்று தீர்க்கும் வரை நிறம் தங்காது. தின்று முடிந்ததும் கஞ்சி நீலமாகும். பத்து விநாடி நீலம் நின்றால் சொட்டை எண்ணுவதை நிறுத்தலாம். சொட்டு கூடக் கூடச் சரக்கு நல்லது. ஒப்பிட, 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஒன்றை 5 லிட்டரில் கரைத்தால் அதே செறிவு. மாத்திரை 29 சொட்டு வாங்கியது. வோட்கா செதில் 19, தண்ணீர் செதில் 16. காபி வாசனை அடித்த அந்தக் கருகல் தோலில் இருந்து எடுத்தது 8 சொட்டுதான். வாசனை வந்தபோதே பாதிக்கு மேல் போய்விட்டது.

இதோடு நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். கையில் நல்ல சரக்கு இருக்கிறது, எண்ணெயில் போட்டால் முடிந்தது. 250 கிராம் எண்ணெயில் 0.125 கிராம் செதிலைப் பொடித்துப் போட்டேன். அளவு கிலோவுக்கு அரை கிராம். 450 ரூபாய் நகைத் தராசு இதற்காகவே வாங்கியது. பொடி நேராகப் போய் அடியில் உட்கார்ந்தது. குலுக்கினால் எழும், விட்டால் உட்காரும். தண்ணீரில் சந்தோஷமாகக் கரைகிற ஒன்று எண்ணெயில் கரையாது என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். எண்ணெய் வியாபாரம் செய்கிறவனுக்கு அது நினைவுக்கு வர மூன்று மாதம் ஆனது.

நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி போடுகிறோமே, அதே மாதிரி ஆட்டும்போதே சேர்த்துவிட்டால் என்ன? 15 கிலோ நிலக்கடலைப் பருப்புக்குத் தெளிக்கும் தண்ணீருக்குப் பதில் கெட்டியான தோல் டிகாஷனைத் தெளித்து ஆட்டினேன். எண்ணெய் வழக்கம்போல் 6.5 கிலோ வந்தது, வழக்கமான நிறம், வழக்கமான ருசி. நிறம் மாறாததைப் பார்த்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாறியது புண்ணாக்கு, செங்கல் நிறத்தில் இருந்தது. துவர்ப்புச் சரக்குக்குப் புரதத்தின் மேல் அப்படி ஒரு பிடிப்பு, தோல் பதனிடுவதே அதை வைத்துத்தான். கடலையில் புரதத்துக்குப் பஞ்சமா? நான் தெளித்தது முழுக்க அங்கேயே தங்கிவிட்டது. எங்கள் எருமை அந்தப் புண்ணாக்கை முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி பக்கம் போய்விட்டது.

சோதனைப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எண்ணெய் தானாகக் கெட மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. 60 டிகிரி சூட்டில் வைத்தால் சில நாளிலேயே தெரிந்துவிடும். பழைய தெர்மோகோல் ஐஸ் பெட்டி, 60 வாட் குண்டு பல்பு, 180 ரூபாய் டபிள்யூ1209 சூடு கட்டுப்படுத்தும் போர்டு, 150 ரூபாய் 12 வோல்ட் அடாப்டர், ஹோல்டரும் பல்பும் 60 ரூபாய். பல்பை மூடிக்கு இரண்டு அங்குலம் கீழே தொங்கவிட்டேன். அரை மணியில் கருகல் நாற்றம். மூடியில் கைமுட்டி அளவு குழி. பல்பை 40 வாட்டாக்கி அடியில் இறக்கி, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை உள்ளே ஓடவிட்ட பிறகு 58க்கும் 62க்கும் நடுவில் நின்றது. பன்னிரண்டு நாளைக்குக் கரண்ட் ஆறு யூனிட் சுமார்.

முதல் சுற்று முழுக்க வீண். பன்னிரண்டு நாள் வைத்து, சேலத்துக்கு பஸ்ஸில் எடுத்துப் போய் அக்காவிடம் கொடுத்தேன். அவள் 5 கிராம் எண்ணெய்க்கு அசிட்டிக் அமிலம், குளோரோஃபார்ம் கலவை 30 மில்லி, பொட்டாசியம் அயோடைடு அரை மில்லி விட்டு, ஒரு நிமிஷம் ஆட்டி, தண்ணீர் சேர்த்து, தயோசல்பேட் கரைசலை இறக்கிப் பெராக்சைடை அளந்தாள். குளோரோஃபார்ம் இருப்பதால் இதை வீட்டில் செய்ய முடியாது. எண்கள் கன்னாபின்னாவென்று இருந்தன, சாறு போட்ட ஒரு பாட்டில் வெறும் எண்ணெயைவிடக் கெட்டிருந்தது. அவள் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பல்புக்குப் பக்கத்துல எந்த பாட்டில்டா இருந்துச்சு?" அதேதான். சூட்டைப் போலவே வெளிச்சமும் எண்ணெயைக் கெடுக்கும், நானோ கண்ணாடி பாட்டிலை விளக்கடியில் வைத்திருக்கிறேன். அடுத்த சுற்றில் பல்பைக் கறுப்பு பெயின்ட் அடித்த டப்பாவுக்குள் வைத்து, பாட்டில்களை அலுமினியத் தாளில் சுற்றி, தினமும் இடம் மாற்றினேன்.

அந்த இரண்டாவது சுற்றுக்குள் லெசித்தின் வந்துவிட்டது. சாக்லேட் செய்கிறவர்கள் வாங்கும் சோயா லெசித்தின், தேன் மாதிரி இருக்கும், 250 கிராம் 220 ரூபாய். ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும் பொருள். 0.125 கிராம் செதிலை ஒரு மில்லி வோட்காவில் கரைத்து, 1.25 கிராம் லெசித்தினில் குழைத்து, வெந்நீரில் கிண்ணத்தை வைத்து வோட்கா வாடை போகும் வரை கிளறி, முதலில் 25 கிராம் எண்ணெயில் அடித்து, பிறகு மீதி எண்ணெயில் சேர்த்தேன். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கலந்தால் திரிதிரியாக நிற்கும். லேசான டீ நிறத்தில் மெல்லிய மங்கலோடு கலந்து நின்றது, அடியில் உட்காரவில்லை. அந்தச் சுற்றின் எண்கள்: வெறும் எண்ணெய் 43, செக்கில் டிகாஷன் தெளித்தது 42, பொடியைச் சும்மா போட்டது 39, லெசித்தினோடு சேர்த்தது 21.

நான் துள்ளினேன். அக்கா, "வெறும் லெசித்தின் மட்டும் போட்ட பாட்டில் எங்க?" என்றாள். இல்லை. லெசித்தினே கொஞ்சம் காப்பாற்றியிருந்தால் என் புளியங்கொட்டைக்கு என்ன மரியாதை? இன்னொரு பன்னிரண்டு நாள். அதுதான் மேலே சொன்ன கடைசிச் சுற்று: வெறும் எண்ணெய் 41, பொடி 38, வெறும் லெசித்தின் 33, இரண்டும் சேர்ந்தது 19. எட்டு புள்ளி லெசித்தின் தயவு, மீதி பதினாலு தோலின் வேலை, அல்லது இரண்டும் கைகோத்துச் செய்தது. 38க்கும் 41க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை நான் வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே பாட்டிலை அக்கா இரண்டு தடவை அளந்தபோதே ஒன்றிரண்டு புள்ளி ஆடியது.

ஐந்தாவதாக ஒரு பாட்டிலும் பெட்டியில் இருந்தது, சும்மா இடம் இருந்ததால் வைத்தது: எங்கள் செக்கு நல்லெண்ணெய், எதுவும் சேர்க்காதது. அதன் எண் 11. எள்ளிலேயே செசமின், செசமோலின் என்று சரக்கு பிறப்பிலேயே இருக்கிறது, அதுவும் எண்ணெயில் கரைகிற சரக்கு. நான்கு மாதம் மெனக்கெட்டு நான் 19க்கு வந்தேன், எள் உட்கார்ந்த இடத்தில் 11.

சரி, எண் வந்தாயிற்று, சட்டியில் எப்படி இருக்கும்? சாறும் லெசித்தினும் கலந்த கடலை எண்ணெயில் அம்மா அப்பளம் பொரித்தார். நுரை சோப்புத் தண்ணீர் மாதிரி எழுந்தது. இரண்டாவது ஈடு பொரிப்பதற்குள் எண்ணெய் கறுக்க ஆரம்பித்தது. அது லெசித்தினின் குணம், சூட்டில் அப்படித்தான் செய்யும். வாணலியைப் பார்த்து அம்மா சொன்னது: "கெடாம இருந்து என்னடா பண்றது, பொரிக்க ஆகலையே." இட்லிப் பொடிக்கு ஊற்றிச் சாப்பிட நன்றாகவே இருந்தது, லேசாகத் துவர்ப்பு தெரிந்தால் தெரிகிறது.

மொத்தச் செலவு 1,860 ரூபாய், கடலையும் பஸ் டிக்கெட்டும் சேர்க்காமல். வோட்கா வழியில் போனால் கிலோ எண்ணெய்க்குச் சாறு மட்டுமே பதினேழரை ரூபாய், லெசித்தின் நாலரை. கட்டுப்படியாகாது. விற்கிற எண்ணெயில் இதைக் கலக்கும் எண்ணமும் இல்லை. அனுமதித்த பொருட்களின் பட்டியலைப் பார்த்தேன், புளியங்கொட்டைத் தோல் கண்ணில் படவில்லை. உணவு உரிமம் வைத்திருப்பவன் விளையாடக் கூடாத இடம் அது. வீட்டு டின்னோடு சரி.

அடுத்த மாசியில் மறுபடி செய்தால் முதலில் லெசித்தினை ஐந்தில் ஒன்றாகக் குறைத்துப் பார்ப்பேன், நுரையும் குறைகிறதா என்று. வோட்காவை விட்டுவிட்டுத் தண்ணீரிலேயே இறக்குவேன், ஆனால் பங்குனி வெயில் வந்த பிறகு, அகலத் தட்டில், அரை விரல் உயரத்துக்கு மேல் ஊற்றாமல். வறுக்கும்போது தெர்மாமீட்டர் கம்பியை மணலை விட்டு எடுக்கவே மாட்டேன். பெட்டியில் எப்போதும் ஒரு வெறும் லெசித்தின் பாட்டில், ஒரு நல்லெண்ணெய் பாட்டில். இன்னொன்றும் மனசில் இருக்கிறது: எண்ணெயை விட்டுவிட்டு முறுக்கு மாவு பிசைகிற தண்ணீரில் சேர்ப்பது. அங்கே தண்ணீர் இருப்பதால் கரையவைக்கிற தலைவலி இல்லை. ஆனால் உளுந்து மாவில் இருக்கும் புரதம் புண்ணாக்கு செய்த வேலையைச் செய்துவிடுமோ என்று பயம். வெறும் அரிசி மாவில் ஒரு ஈடு, உளுந்து சேர்த்து ஒரு ஈடு, சாறு இல்லாமல் இரண்டிலும் ஒவ்வொரு ஈடு. அக்கா கேட்பதற்கு முன்பே நாலு டப்பாவுக்கும் பேர் எழுதி ஒட்டிவிட்டேன். பாட்டிலில் செதில் இன்னும் ஒன்பது கிராம் இருக்கிறது.